அடையாறு முகத்துவாரத்துக்கு வாலண்டியராக வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் முடிந்து வலசைப் பறவைகள் வந்து இறங்க ஆரம்பித்தால் எங்களுக்குக் கேள்விகளும் வந்து இறங்க ஆரம்பிக்கும். பாதிக்கு மேல் போன வருஷம் கேட்ட அதே கேள்விகள். தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இது. நாங்கள் பதிவு செய்த அமைப்பு எதுவும் கிடையாது, வார இறுதிக் காலைகளில் ஆற்றின் வாயில் நிற்கிற சில பேர், அவ்வளவுதான். அதனால் அலுவலகம் எங்கே, தலைவர் யார் என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் தேட வேண்டாம்.

முதலில், இது என்ன இடம்? சரணாலயமா, பூங்காவா?

வேடந்தாங்கல் மாதிரி வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற இடம் இல்லை. அடையாறு ஆறு ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, வழியில் செம்பரம்பாக்கத்து உபரி நீரையும் வாங்கிக்கொண்டு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் சேர்கிறது. திரு.வி.க. பாலத்துக்குக் கிழக்கே ஆறு பரந்து விரிந்து, நடுநடுவே திட்டும் சேறும் உப்புத் தண்ணீருமாகக் கிடக்கிறதே, அதைத்தான் முகத்துவாரம் என்கிறோம். தென்கரை முழுக்க பிரம்மஞான சபையின் தோட்டம், அதனால்தான் அந்தப் பக்கம் இன்னும் காடு மாதிரி இருக்கிறது. வடகரையில் ஒரு கழி, அதாவது உப்புநீர் ஓடை, பிரிந்து குயிபிள் தீவைச் சுற்றிப் போகும். அந்தக் கழியை ஒட்டி, ஒரு காலத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர்தான் 2011 சனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா. 170-க்கு மேற்பட்ட உள்ளூர்த் தாவர வகைகளை வைத்து அதை மீட்டெடுத்தார்கள்.

யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் தலை சுற்றும். பூங்காவைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது, ஆறும் மணல்திட்டும் நீர்வளத்துறை, கரையில் சேரும் குப்பை மாநகராட்சி, பறவையும் ஆமையும் வனத்துறை, மேலே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு. வாலண்டியராக வருகிற எவருக்கும் இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எந்தப் பிரச்சினையை எந்தக் கதவில் தட்டுவது என்பதில்தான் எங்கள் நேரத்தில் பாதி போகிறது.

சாக்கடை ஓடுகிற ஆற்றில் அப்படி என்ன பறவை இருக்கப் போகிறது?

வந்து பார்த்தால் வாயடைத்துப் போவீர்கள். நீர் வடியும் நேரத்தில், ஆற்றின் வாயருகே இடிந்து நிற்கிற ‘உடைந்த பாலத்துக்கு’ப் பக்கத்திலிருந்து பார்த்தால் நெடுங்கால் உள்ளான், சின்னக் கொக்கு, மடையான், நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் வருஷம் பூராவும் உண்டு. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அவ்வப்போது தலை காட்டும். செப்டம்பருக்கு மேல் கொசு உள்ளான், பவளக்காலி, பட்டாணி உப்புக்கொத்தி, அப்புறம் ஆலாக்களும் கடற்காகங்களும். கொசு உள்ளான் இருக்கிறதே, அது முப்பது கிராம்கூடத் தேறாது. வட துருவத்துப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கிருந்து பறந்து வந்து, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சேற்றில் இறங்கி மேய்கிறது.

ஏன் இங்கே? சேற்றுக்குள் புழு, நத்தை, சின்ன நண்டு என்று சாப்பாடு கொட்டிக் கிடக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலும் கடல் கொண்டுவரும் உப்பும் சந்திக்கிற இடம் எப்போதுமே வளமானது. கழிவு கலந்தாலும் தாக்குப்பிடிக்கிற புழு வகைகள் உண்டு, அவற்றைத் தின்று பழகிய பறவைகளும் உண்டு. நெடுங்கால் உள்ளான் அதில் கெட்டிக்காரன். அதற்காக, பறவை வருகிறது, ஆகவே ஆறு நன்றாக இருக்கிறது என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். சுத்தமான தண்ணீர் கேட்கிற வகைகள் எண்ணிக்கையில் குறைவதும், எதையும் தாங்குகிற வகைகள் கூடுவதும் ஒரே படத்தில் ‘ஆயிரம் பறவைகள்’ என்றுதான் தெரியும். எந்தப் பறவை, எத்தனை என்று பிரித்து எழுதுவது அதற்காகத்தான்.

சரி, நான் வந்தால் என்ன வேலை?

எண்ணுவது. எழுதுவது. அடுத்த முறையும் வந்து அதே இடத்தில் நின்று எண்ணுவது. இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் விழுந்துவிடும், கையில் மண்வெட்டி கொடுப்போம் என்று நினைத்து வந்திருப்பார்கள். மண்வெட்டி வேலையும் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் இந்த இடத்துக்கு நம்மால் தர முடிந்த பெரிய உதவி, இங்கே என்ன இருக்கிறது என்பதற்குத் தேதியோடு ஒரு கணக்கு வைத்திருப்பது.

காரணம் இதுதான். கரையில் ஒரு சாலையோ பாலமோ தடுப்புச் சுவரோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று ஒன்று நடந்தால், திட்ட அறிக்கையில் ‘இப்பகுதியில் குறிப்பிடத்தக்க உயிரினங்கள் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். ஐயோ, நிறைய இருக்கிறதே என்று கத்தினால் யாரும் குறிப்பெடுக்க மாட்டார்கள். பல வருஷத்துப் பட்டியலை மேசையில் வைத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் கண்டல் காடு (அலையாத்திக் காடு), உயிர்ப்புள்ள சேற்றுப்பரப்பு, ஆமை முட்டையிடும் கரை, பறவைகள் கூடு கட்டும் இடம் எல்லாமே மிக அதிகப் பாதுகாப்புக் கொண்ட முதல் வகையில் வருகின்றன. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால்தான் விதி வேலை செய்யும்.

இது தவிர, பள்ளிப் பிள்ளைகள் வரும்போது கூட நிற்பது, வலைத்துண்டும் மாஞ்சா நூலும் பொறுக்குவது, சீமைக்கருவேலங் கன்றுகளைக் குறித்து வைப்பது, மனு எழுதுவது. மனு எழுத நல்ல தமிழ் தெரிந்தவர்கள் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை. பறவையே பிடிக்காது, ஆனால் மனு எழுதுவேன் என்றால் உடனே வாருங்கள்.

எனக்குக் காக்கா, குருவி தவிர எந்தப் பறவையும் தெரியாதே?

பரவாயில்லை. பத்துப் பறவை தெரிந்துவிட்டால் இங்கே பார்ப்பதில் பெரும்பகுதி அடங்கிவிடும். மீதிக்குப் பக்கத்தில் ஆள் இருப்பார். தெரியாததைத் ‘தெரியாத உள்ளான், 14’ என்று எழுதுங்கள், அது நல்ல பதிவு. ஊகித்து ஏதோ அபூர்வப் பேரை எழுதுவதுதான் தலைவலி.

எண்ணுவது என்றால் எப்படி? அவை ஒரு இடத்தில் நிற்காதே?

முதலில் ஓத அட்டவணை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரங்கள், பார்ப்போம். சென்னையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். ஏற்ற இறக்க வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் தட்டையான சேற்றில் அந்த ஒரு மீட்டர் ஏக்கர்க்கணக்கில் நிலத்தைத் திறந்து மூடும். நீர் வடிந்து சேறு வெளியே தெரியும்போது உள்ளான்கள் பரவி மேயும், நிறைந்ததும் ஏதாவது ஒரு திட்டில் கூட்டமாக ஒடுங்கும். இரண்டில் எது என்று குறிக்காமல் எழுதிய எண்ணிக்கையை அடுத்த வாரத்தோடு ஒப்பிட முடியாது.

கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணுக்குள் வைத்துக்கொண்டு அதே அளவில் கூட்டம் முழுக்க நகர்த்துங்கள். ரொம்பப் பெரிய கூட்டம் என்றால் ஐம்பது ஐம்பதாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டுப் பிறகு ஒப்பிடுவோம், ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் எண்ணினால் இருவருக்கும் ஒரே தவறுதான் வரும். பட்டியல் இ-பேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏறும். சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987-லிருந்து பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடப்பது. பொங்கல் நாட்களில் 2015-லிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இருக்கிறது. வீட்டு மொட்டை மாடியிலிருந்தே அதில் சேரலாம், பழகிக்கொள்ள அது நல்ல இடம்.

ஒன்றும் இல்லாத நாளையும் எழுத வேண்டும். ‘இன்றைக்கு ஒண்ணும் சிக்கல’ என்று பட்டியலே போடாமல் போகிறவர்கள்தான் அதிகம். பின்னால் ஒருவர் அதை எடுத்துப் பார்த்தால் இங்கே எல்லா நாளும் பறவை நிறைந்திருந்த மாதிரிதான் தெரியும்.

எங்கள் கம்பெனியிலிருந்து நூற்றைம்பது பேர் ஒரு சனிக்கிழமை வந்து சுத்தம் செய்து தரலாமா?

இந்தக் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: முகத்துவாரத்துக்குள் வேண்டாம். நூற்றைம்பது பேர், ஸ்பீக்கர், பேனர், மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று ஒரு காலை நடந்தால் அன்றைக்கு எந்தப் பறவையும் அங்கே இறங்காது. நவம்பர், டிசம்பரில் அது அதற்கு ஒரு வேளைப் பட்டினி. அதிலும் மார்ச்சில், திரும்பிப் போவதற்காக உடம்பில் கொழுப்பு சேர்க்கிற நாட்களில், தொந்தரவு செய்யவே கூடாது.

கடற்கரைப் பக்கம் வாருங்கள், அங்கே வேலை நிறைய. விநாயகர் சதுர்த்தி முடிந்து சிலைகளைக் கரைக்கிற இடங்களில் ஒன்று பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். அதற்கு அடுத்த நாட்களில் கட்டை, கயிறு, தெர்மாகோல் என்று கரை நிறைந்திருக்கும். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகக் கடற்கரைத் தூய்மை நாளும் அதை ஒட்டியே வரும். நூற்றைம்பது பேர் அங்கே நின்றால் ஒரு காலையில் வித்தியாசம் தெரியும். வருவதற்கு முன் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பேசி, அள்ளிய மூட்டைகளை எடுக்க வண்டி வரும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூட்டை கட்டிக் கரையிலேயே அடுக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால், அடுத்த பெரிய அலைக்கு அதே குப்பை மூட்டையோடு கடலுக்குப் போகும். பிரித்து எண்ணி எழுதினால் இன்னும் நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதைக் கரையில் பொறுக்கிய பையும் கப்பும் சொல்கிற அளவுக்கு வேறெதுவும் சொல்லாது.

மரக்கன்று நடலாமா? பிறந்தநாளுக்கு ஆளுக்கு ஒன்று நட ஆசை.

ஆசை நல்லதுதான். ஆனால் இங்கே வேண்டாம், தயவுசெய்து. இந்த ஒரு கேள்விக்குத்தான் எங்களுக்கும் வருகிறவர்களுக்கும் மனக்கசப்பு வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வெறுஞ்சேறு காலி மனை இல்லை. உள்ளான்களுக்கு அதுதான் சாப்பாட்டு மேசை. அவற்றுக்குச் சுற்றிலும் தூரம்வரை பார்வை தெரிய வேண்டும், பருந்து வந்தால் முன்னமே தெரிய வேண்டும். அந்தச் சேற்றில் கண்டல் நட்டு அது பிழைத்துக்கொண்டால் நாலைந்து வருஷத்தில் புதராகும், பாம்புக்கும் கொக்குக்கும் கொண்டாட்டம், உள்ளான் வேறு ஊர் பார்க்கப் போய்விடும். பிழைக்காவிட்டால் காய்ந்த குச்சியும் அதைக் கட்டிய பிளாஸ்டிக் கயிறும்தான் மிச்சம். ஓதம் ஏறி இறங்கும் சரியான உயரத்தில் இருந்தால் வெண்கண்டல் தானாகவே மிதந்து வந்து வேர் பிடிக்கும். அது முளைக்காத இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று சரியில்லை, உயரமோ உப்போ தண்ணீர் ஓட்டமோ. அதைச் சரிசெய்யாமல் நடுவது வீண் வேலை.

தொல்காப்பியப் பூங்காவில் நட்டார்களே என்பீர்கள். அங்கே முதலில் இடிபாடுகளை அகற்றி, தண்ணீர் தேங்கவும் ஓதம் வந்து போகவும் மண்ணை வெட்டித் திருத்திய பிறகு, எந்த உயரத்தில் எது என்று பார்த்து நட்டார்கள். முழுநேர வேலையாட்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நாம் செய்கிற காரியம் அது இல்லை. இன்னொன்று, ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் இருக்கிற கண்டல் காட்டுக்குச் சுற்றி 50 மீட்டர் தடுப்புப் பகுதி என்று விதி இருக்கிறது. இருக்கிற கண்டலை அளந்து வரைபடத்தில் ஏற்றினாலே அந்த 50 மீட்டர் கிடைக்கும். புதிதாக நடுவதைவிட அதில் பலன் அதிகம் என்பது என் கட்சி, குழுவில் இரண்டொருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சீமைக்கருவேலம் வெட்டுவதும் அதே மாதிரிதான், அனுமதியோடு, கூடு கட்டும் காலம் தவிர்த்து. கொக்குக் கூட்டம் அதிலேயே கூடு வைத்திருக்கும், வெட்டினால் குஞ்சோடு கீழே வரும். 1972 வனவிலங்குச் சட்டப்படி பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான்.

என்ன போட்டுக்கொண்டு வர வேண்டும்?

மண் நிறத்தில் முழுக்கை, முழுக்கால் சட்டை, பழைய ஷூ, தொப்பி, தண்ணீர் பாட்டில். வெள்ளைச் சட்டையும் பளிச் மஞ்சளும் வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டால் வாங்காதீர்கள், முதல் சில வாரம் எங்களுடையதைப் பாருங்கள். சென்ட் போட்டுக்கொண்டு வந்தால் பறவைக்கு ஒன்றுமில்லை, கொசுவுக்கும் எங்களுக்கும்தான்.

நோய், பாம்பு என்று பயமாக இருக்கிறதே?

நியாயமான பயம். கழிவு நீரும் எலியும் இருக்கிற இடம், எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு. காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் அன்றைக்கு மேலே நின்று எழுதுகிற வேலை மட்டும். குப்பை பொறுக்க வருகிறவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும், தடிமனான கையுறை கட்டாயம், ஊசியும் கண்ணாடியும் கையால் எடுக்கவே கூடாது. வந்து போன இரண்டு மூன்று வாரத்துக்குள் கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் ‘ஆற்றங்கரையில் வேலை செய்தேன்’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அது தெரியாமல் அவர் வேறு திசையில் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

கண்ணாடி விரியன் உண்டு. புதருக்குள் கை விடாதீர்கள், கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். கடித்தால் அறுப்பது, கட்டுவது, மூலிகை எதுவும் வேண்டாம், ஆட்டாமல் அரசு பொது மருத்துவமனைக்கு. சேற்றில் இறங்குவது யாருக்கும் அனுமதி இல்லை, இடுப்பளவு புதைகிற இடங்கள் இருக்கின்றன. உடைந்த பாலத்தின் மேலும் ஏறக்கூடாது. 1967-ல் கட்டி 1977-ல் இடிந்த பாலம் அது, செல்ஃபி எடுப்பதற்காக யாரும் நிறுத்தி வைத்திருக்கவில்லை.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. அவர்கள்தான் சேற்றுத் தாவி மீனையும் ஒற்றைக் கை பெருத்த நண்டையும் முதலில் கண்டுபிடிப்பார்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ‘அதோ பார், பறக்க விடலாம்’ என்று கை தட்டுகிற அப்பாக்களைத்தான் எங்களால் சமாளிக்க முடியவில்லை.

ட்ரோன்?

கூடாது. பருந்து என்றே நினைத்து மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

மீனவர்கள் ஆற்றில் வலை வீசுகிறார்களே, அதைத் தடுக்க மாட்டீர்களா?

மாட்டோம். ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம், சீனிவாசபுரம் எல்லாம் சுற்றியிருக்கிற அடுக்குமாடிகளுக்கு முன்னாலேயே இருக்கிற ஊர்கள். வீச்சு வலையில் மடவையும் இறாலும் பிடிப்பதால் இந்த ஆற்றுக்கு வந்த கேடு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கேடு மேலேயிருந்து குழாயில் வருகிறது. புதிதாக வருகிற சிலர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியதும் அதிகாரி ஆகிவிடுகிறார்கள், வலையோடு நிற்கிறவரைப் பார்த்து ‘ஏய், இங்கெல்லாம் மீன் பிடிக்கக் கூடாது’ என்கிறார்கள். அப்படிப் பேசுகிறவர் அடுத்த வாரம் வர வேண்டாம்.

‘அண்ணா, இன்னைக்கு ஆத்து வாய் எப்படி இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். கச்சான் காற்று எப்போது மாறியது, நீரோட்டம் வண்ணியா தெண்டியா (நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர்கள்), எந்தப் பக்கம் மணல் ஏறுகிறது, இன்னும் எத்தனை நாளில் அடைக்கும் என்று நின்ற இடத்திலேயே சொல்வார்கள். நாங்கள் நோட்டில் எழுதுகிற ‘நீர் மட்டம் அதிகம்’ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வருகிறது. கரையில் உட்கார்ந்து மீன் பிரிக்கிற அக்காக்களிடம் எந்த மீன் இப்போது வருவதில்லை என்று கேட்டால் ஒரு பட்டியலே கிடைக்கும்.

வாய் அடைப்பது என்றால் என்ன? ஜேசிபி வைத்துத் தோண்டுகிறார்களே, அது நல்லதா?

அலை கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே, வடகிழக்குப் பருவ மாதங்களில் கொஞ்ச நாள் திரும்பி. துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனதற்கும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததற்கும் இதுதான் காரணம். ஆற்றில் ஓட்டம் இருந்தால் வாயில் சேரும் மணலைத் தள்ளிவிடும். கோடையில் அடையாற்றில் ஓடுவது பெரும்பாலும் கழிவு நீர்தான், அதற்கு அந்த வலு கிடையாது. மணல் மேடாகி வாய் சுருங்கும், சில சமயம் அடைத்தே விடும்.

அடைத்தால் ஓதம் உள்ளே வராது. தண்ணீர் தேங்கி மட்டம் உயர்ந்து சேறு மூழ்கும், உள்ளானுக்கு மேய இடமில்லை. உப்புக் குறையும், கழிவு அப்படியே நிற்கும், ஆகாயத்தாமரை கீழே வரை இறங்கி வரும். அதனால் திறப்பது நல்லதே, வெள்ளத்துக்கும் அது தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது ஆறே தன் வாயை அகலமாகத் திறந்துகொண்டது என்பது வேறு கதை. ஆனால் எப்போது திறக்கிறார்கள், தோண்டிய மணலை எங்கே கொட்டுகிறார்கள் என்பதில் எங்களுக்குச் சண்டை உண்டு. பறவை ஒடுங்குகிற திட்டின் மேலேயே வண்டி ஓட்டி, அதன் மேலேயே கொட்டினால் என்ன சொல்ல?

மீன் செத்து மிதக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

கோடை முடிந்து முதல் பெரிய மழையில் இது நடக்கும். கால்வாய்களில் மாதக்கணக்கில் தேங்கிய கசடு மொத்தமாக ஆற்றுக்குள் வரும், அதைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மேலே வந்து வாயைப் பிளந்துவிட்டுச் சாகும். விஷம் ஏதாவது கொட்டினாலும் சாகும், பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். எனவே நேரம், இடம், என்ன மீன், உயிரோடு இருப்பவை மேலே வந்து மூச்சு வாங்குகின்றனவா, தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை என்று போட்டோவோடு குறித்து, அந்த மணிநேரமே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்புங்கள். மறுநாள் எடுத்த தண்ணீரில் ஒன்றும் தெரியாது. வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு ‘யாராவது ஏதாவது செய்யுங்க’ என்றால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள்.

அடிபட்ட பறவையைக் கண்டால்?

மாஞ்சா நூலில் சிக்கியவைதான் அதிகம். துணியைத் தலைமேல் போட்டு மூடிப் பிடியுங்கள், கொக்கும் நாரையும் கண்ணைத்தான் குத்தும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு வைக்காதீர்கள். நேராக கிண்டியில் இருக்கிற வனத்துறைக்கு. வீட்டில் வைத்து வளர்ப்பது பாசமாக இருந்தாலும் சட்டப்படி குற்றம்.

ஆமை நடைக்கும் நீங்கள்தானே?

இல்லை. அது 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு செய்கிற வேலை, சனவரியில் தொடங்கி, பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) கரையேறும் மாதங்களில் இரவு முழுக்க நடப்பார்கள். எங்களில் சிலர் அங்கேயும் போகிறோம். முட்டைகளைப் பாதுகாப்பான குழிக்கு மாற்றினால் ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும், கடற்கரை விளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஊருக்குள் போகும். டார்ச்சும் ஃபிளாஷும் ஏன் கூடாது என்பதற்கு அதுவே காரணம். 2025 சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின, இழுவை வலையில் சிக்கி மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறவை. செத்த ஆமையைப் பார்த்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள், ஓட்டின் நீளம், துடுப்பில் காயம் எல்லாம் குறித்துவிட்டு.

சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது. காலேஜில் மணிக்கணக்கு காட்ட வேண்டும் என்றால் வேறு நல்ல அமைப்புகள் இருக்கின்றன.

இத்தனை வருஷம் எண்ணி என்ன மாறியது?

தண்ணீர் மாறவில்லை. அது எங்கள் கையிலும் இல்லை, பாதாளச் சாக்கடை இணைப்பும் சுத்திகரிப்பு நிலையமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. மாறியது சின்னச் சின்ன விஷயங்கள். கூடு கட்டும் மாதத்தில் புதர் வெட்ட வந்த ஒப்பந்தக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போட்டது, திட்டின் மேல் கொட்டவிருந்த மணல் கரைக்குப் போனது, இந்த மாதிரி. தோற்ற இடங்களின் பட்டியல் இதைவிட நீளம். ஆர்வத்தோடு வந்து மூன்றாம் மாதம் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாங்க முடியாமல்தான் போகிறார்கள், அவர்கள்மேல் கோபம் எல்லாம் இல்லை.

மழைக்காலத்தில் வருவீர்களா?

சாதாரண மழைக்கு வருவோம். ஏரியிலிருந்து நீர் திறப்பு என்று அறிவிப்பு வந்தாலோ புயல் எச்சரிக்கை இருந்தாலோ யாரும் கரைக்குப் போகக்கூடாது. வெள்ளம் வடிந்த பின் முதல் கணக்கெடுப்புக்கு ஆள் நிறையத் தேவைப்படும், திட்டுகள் எல்லாம் இடம் மாறியிருக்கும்.

எங்கே வந்து நிற்க வேண்டும்? பார்க்கிங் இருக்கிறதா?

பெசன்ட் நகர் பஸ் நிலையத்தில் இறங்கி, கடற்கரைச் சாலை வழியாக வடக்கே ஊரூர் குப்பம் தாண்டி நடந்தால் உடைந்த பாலம் வரும், அதற்கு முன்னாலேயே நிற்போம். வெளிச்சம் வருகிற நேரத்துக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறியபின் கானல் அசைவில் உள்ளானைப் பிரித்துப் பார்க்க முடியாது. பைக் நிறுத்த இடம் கிடைக்கும். குப்பத்துச் சந்துக்குள் காரை விட்டு வலை காயப்போட்டிருக்கிற இடத்தில் நிறுத்தாதீர்கள்.